புளித்த கூழும் குருதியின் காவலர்களும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதே மரபு. அதனைப் பேசுதற்கு நம்மினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது நம் வீட்டு அடுக்களையின் மூலையில் மூடி வைக்கப்பட்டிருக்கும் புளிச்ச தண்ணிப் பானையைப் பற்றியது. இதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அப்பானைக்குள் நிகழ்வது போன்ற மாற்றங்களை உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இன்று ஆராய்ந்து வருகின்றன. அப்பானையின் பக்கத்திலேயே வளர்ந்த நம் பிள்ளைகளோ அதனைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கின்றனர். இந்த வேறுபாடு ஏன் என்று எண்ணிப் பார்ப்பதும் கல்வியின் பணிகளுள் ஒன்றன்றோ?

கரிசல் மண்ணின் உணவு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் எனப் பரந்து கிடக்கும் நம் கரிசல் வட்டாரத்தில் வற்றாத ஆறு இல்லை. வைப்பாறு மழைக் காலத்தில் ஓடி அடங்குவது. ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்து முடிந்துவிடும். ஈரத்தில் காலை விடாத களியாகவும், கோடையில் பிளந்து வெடிக்கும் பாளமாகவும் மாறும் இம்மண்ணின் வேளாண்மையை ஆராய்வதற்கென்றே 1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் உளுந்தும் இம்மண்ணின் செல்வங்கள். நெல்லுச் சோறு நம் முன்னோர்க்குத் தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களில் மட்டுமே கிட்டியது.

கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, உமி புடைத்து, குருணையும் மாவுமாக்கி, உலையில் இட்டுக் கிண்டிக் கம்பஞ்சோறு ஆக்குவர். சூடு ஆறியபின் உருண்டைகளாகப் பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டு மூடி வைப்பர். விடிந்ததும் கரைத்து, உப்பிட்டு, மோர் இருந்தால் மோரும் விட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குச் செல்வர். நியாயவிலைக் கடை அரிசி வந்தபின் கம்பஞ்சோற்றின் இடத்தைப் பழைய சோறும் நீச்சத்தண்ணியும் பிடித்துக்கொண்டன. தானியம் மாறினும் முறை மாறவில்லை.

இவ்வுணவை நாம் விரும்பி மட்டும் உண்டோமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாள் முழுதும் களையெடுத்த கைகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கூழ் ஊற்றப்பட்டது. ஏந்திய கைகளில் எட்ட நின்று ஊற்றினர். சிரட்டையில் ஊற்றினர். உணவின்மீது படிந்த இழிவு அதனை ஊற்றிய முறையால் வந்ததேயன்றி, கம்பால் வந்ததன்று. எனினும் நம் பிள்ளைகள் இவ்விரண்டையும் பிரித்தறியவில்லை. பள்ளியில் தூக்குச் சட்டியைத் திறக்கும்போது புளிப்பு வாடை வந்தால் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடிக்குமே என்று அஞ்சி, காலைக் கஞ்சியை விட்டுவிட்டு, ஐந்து ரூபாய்ப் பொட்டலத் தீனியைத் தின்று வகுப்பில் சோர்ந்து அமரும் மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

பானைக்குள் நிகழ்வது என்ன?

பானையின் உள்சுவரிலும், தானியத்திலும், முந்தைய நாளின் எஞ்சிய நீரிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உள்ளன. அவற்றுள் தலைமையானவை லாக்டிக் அமிலம் ஆக்கும் பாக்டீரியாக்கள். மாவுப்பொருள் சிதைந்து தோன்றும் சர்க்கரையை அவை உண்டு, லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அதுவே நாவில் படும் புளிப்பு. புளிப்பு ஏற ஏற, நோய் விளைக்கும் பல கிருமிகள் பெருக முடியாமல் போகின்றன. இட்லி மாவு பொங்குவதற்கு லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா இனம் காரணம் என 1965இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

புளிப்பினால் மற்றொரு நன்மையும் உண்டு. கம்பு, கேழ்வரகு முதலிய தானியங்களில் பைட்டிக் அமிலம் என்றொரு பொருள் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு, உடல் அவற்றை உறிஞ்சவொட்டாமல் தடுக்கும். மாவு புளிக்கும்போது அப்பிடி தளர்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உஷா ஆன்டனி, டி. எஸ். சந்திரா ஆகியோர் கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து இதனை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டனர். இரத்தச் சோகை மிகுந்த நம் தாய்மார்க்கும் வளரிளம் பெண்களுக்கும் இது சிறிய செய்தியன்று.

குருதியின் காவலர்கள்

இனி, பானையை விட்டு உடலுக்குள் செல்வோம். நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களே உடலின் காவலர்கள். அவர்களுள் கிருமியை வளைத்து விழுங்கும் விழுங்கணுக்கள் உண்டு. பகைவனை நினைவில் வைத்திருந்து மறுமுறை வந்தால் அடையாளம் கண்டு தாக்கும் டி அணுக்களும் உண்டு. விழுங்கணுக்களின் தொழிலை முதலில் கண்டுரைத்தவர் இரசிய நாட்டு அறிஞர் மெச்னிக்காஃப். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் முள்ளைக் குத்திவைத்து, அம்முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு நின்றதை அவர் கண்டார். இக்கண்டுபிடிப்புக்காக 1908இல் பால் எர்லிக் என்பாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல்கேரிய நாட்டு உழவர் உண்ணும் புளித்த பால் நீண்ட வாழ்வுக்குத் துணைபுரியும் என 1907இல் வெளிவந்த தம் நூலில் எழுதியவரும் அவரே.

மெச்னிக்காஃப் பிறந்தது 1845ஆம் ஆண்டு. அதே ஆண்டில் பிறந்தவர் நம் பண்டிதர் அயோத்திதாசர். அவர் சித்த மருத்துவர். மெச்னிக்காஃபின் நூல் வெளிவந்த 1907ஆம் ஆண்டிலேயே ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். மருத்துவமும் அறிவியலும் நமக்கு அயலானவை என்று எவரேனும் உரைத்தால், நம் இளைஞர்கள் இப்பெயரை நினைவிற் கொள்ளுக.

அணுவின் அடுப்பு

காவலனுக்கும் உணவு வேண்டும். ஓர் அணு உணவை எரித்து ஆற்றலாக்கும் முறையையே வளர்சிதை மாற்றம் என்கிறோம். நோய் எதிர்க்கும் அணு எந்த வகையில் உணவை எரிக்கிறதோ, அதற்கேற்பவே அதன் நடத்தையும் அமைகிறது என்பது இந்நூற்றாண்டில் தெளிவுபெற்று வரும் உண்மை.

நம் ஊர் அடுப்பைக் கொண்டே இதனை விளக்கலாம். பருத்திமாரை அடுப்பில் வைத்தால் குபீரெனப் பற்றி எரியும், விரைவில் சாம்பலாகும். கருவேலங்கட்டையோ மெல்லப் பற்றி, இரவெல்லாம் கங்காக நின்று சூடு தரும். அமைதியாக இருக்கும் வெள்ளணு கருவேலங்கட்டை போல எரிக்கிறது. தன்னுள் இருக்கும் இழைமணிகளில், உயிர்வளியின் துணையோடு ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஆற்றல் மூலக்கூறுகளைப் பெறுகிறது. கிருமி நுழைந்துவிட்டது என்னும் செய்தி கிட்டியதும் அவ்வணு பருத்திமார் அடுப்புக்கு மாறுகிறது. குளுக்கோசை வாரி வாரி இழுத்து, அரைகுறையாக எரித்து, ஒன்றுக்கு இரண்டே ஆற்றல் மூலக்கூறுகளைப் பெற்று, எஞ்சியதை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. பார்வைக்கு இது வீண் செலவு. ஆயினும் விரைவு கிட்டுகிறது. புதிய அணுக்களையும் ஆயுதங்களையும் ஆக்குதற்கு வேண்டிய மூலப்பொருள்களும் கிட்டுகின்றன. புற்றணுக்களில் இத்தகைய எரிமுறையை 1920களில் கண்டவர் செருமானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க். விழித்தெழுந்த வெள்ளணுக்களிலும் அது நிகழ்வதைப் பின்னர் அறிந்தனர்.

இங்கே ஒரு வியப்பு உள்ளது. பானையில் பாக்டீரியா செய்வதும், போர்க்கோலம் பூண்ட வெள்ளணு செய்வதும் ஒரே வகை வினையே. இரண்டும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன.

பருத்திமார் நெருப்பு வேண்டியபோது எரிய வேண்டும். வேலை முடிந்ததும் அணைய வேண்டும். அணையாமல் நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கனன்றால் அதுவே நாட்பட்ட அழற்சி. நீரிழிவு, மூட்டுவாதம், இதய நோய், குடல் அழற்சி ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு. ஆகவே ‘எதிர்ப்பாற்றலைக் கூட்டும்’ என்று புட்டிகளில் ஒட்டி விற்கும் சொல் பாதி உண்மையே. கூட்டுவதினும் அளவறிந்து எரிந்து அணைவதே உடலுக்கு நலம்.

பானைப் பொருள்கள் அணுவோடு பேசும் வகை

புளித்த உணவில் உள்ள பொருள்கள் இந்நெருப்பை எங்ஙனம் தொடுகின்றன? அண்மைக் காலத்தில் தெளிவான சில செய்திகளை மட்டும் கூறுவோம்.

லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பினைல்லாக்டிக் அமிலம் என்னும் பொருளையும் ஆக்குகின்றன. மனிதனின் வெள்ளணுக்களிலும் கொழுப்பணுக்களிலும் எச்.சி.ஏ.3 என்றொரு ஏற்பி உள்ளது. ஏற்பி என்பது அணுவின் கதவில் பொருத்திய பூட்டு. உரிய பொருள் வந்து பொருந்தினால் மட்டுமே உள்ளே செய்தி செல்லும். செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பினைல்லாக்டிக் அமிலத்தின் ஒரு வடிவம் அப்பூட்டுக்கு மிக நன்கு பொருந்தும் சாவி எனக் கண்டனர். புளித்த முட்டைக்கோசை உண்டவர்களின் குருதியில் அப்பொருள் போதிய அளவில் தோன்றியதையும் காட்டினர். இந்த ஏற்பி மனிதனிடமும் சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் போன்ற வாலில்லாக் குரங்குகளிடமும் மட்டுமே உள்ளது. மரத்தடியில் விழுந்து புளித்த கனிகளை உண்ணத் தொடங்கிய நம் தொல் முன்னோரின் உடலில் இந்தப் பூட்டு நிலைபெற்றிருக்கலாம் என அவ்வாய்வாளர் கருதுகின்றனர்.

அதே 2019ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு ஒசாகா பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளைக் கொண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். சிறுகுடலின் சுவரில் காவல் நிற்கும் ஒருவகை அணுக்கள், லாக்டிக் அமிலமும் பைருவிக் அமிலமும் தம்மைத் தொட்டதும், குடலுக்குள் கை நீட்டிக் கிருமிகளின் அடையாளங்களைப் பிடித்து ஆராய்ந்தன. அத்தகைய எலிகள் நோய்க்கிருமியை எதிர்ப்பதிலும் மேம்பட்டு நின்றன.

மூன்றாவது செய்தி பெருங்குடலைப் பற்றியது. ஆறிய சோற்றில் மாவுப்பொருளின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்தை அடைகிறது. அதுவும், தானியத்தின் நார்ப்பொருளும் பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அவை பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களை ஆக்கித் தருகின்றன. குடல் சுவரணுக்களுக்குப் பியூட்டிரேட்டே முதன்மையான விறகு. அத்துடன், நெருப்பை அடக்கும் பணியைச் செய்யும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் தோன்றுதற்கும் அது துணைநிற்கிறது என்பதை 2013இல் வெளியான எலி ஆய்வுகள் காட்டின. ஆகவே பானையில் ஒரு புளிப்பு, குடலில் மறு புளிப்பு என இருமுறை வேலை நடைபெறுகிறது.

மனிதரிடம் செய்த சோதனையும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நலமான 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நார்ப்பொருள் மிக்க உணவும், மறு பிரிவினர்க்குத் தயிர், கிம்சி முதலிய புளித்த உணவும் 10 வாரங்கள் கொடுத்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, புளித்த உணவு உண்டோரின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. குருதியில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நம் மாநிலத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள், குடல் அழற்சி நோயாளர்க்குப் பழைய சோறு பயன்படும் வகையை அரசின் நிதியுதவியோடு ஆராய முற்பட்டனர். தூக்குச் சட்டியில் மறைத்த சோறு மருத்துவமனையின் ஆய்வுப் பொருளாகிவிட்டது என்பதை நம் மாணவர் அறிக.

மயங்காமல் இருப்போம்

எனினும், இச்செய்திகளைக் கேட்டு மயங்கிவிடலாகாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 36 பேரளவில் நடந்தது. அவர்கள் கம்பங்கூழ் குடித்தவர்களும் அல்லர். எலியிடம் கண்டதெல்லாம் மனிதனிடம் அப்படியே நிகழும் என்பதும் இல்லை. கூழ் எந்த நோய்க்கும் மருந்தன்று. தடுப்பூசிக்கு மாற்றும் அன்று. நீரிழிவு உள்ளோர்க்குக் கூழிலும் மாவுப்பொருள் உண்டு என்னும் நினைவு வேண்டும்.

இதனினும் முக்கியமான ஓர் உண்மை உண்டு. பருத்திமாரோ கருவேலங்கட்டையோ, அடுப்பில் இட விறகு இருந்தாலன்றோ எரியும்? பட்டினியால் உடலின் கொழுப்பு கரையும்போது லெப்டின் என்னும் சுரப்பு குறைகிறது. அது குறைந்தால் டி அணுக்கள் குளுக்கோசை இழுத்து எழும் வலிமையை இழக்கின்றன. ஏழையின் நோய் எதிர்ப்பு தளர்வதற்கு இது ஒரு காரணம். சார்க்கண்டு மாநிலத்தில் காசநோயாளர் 2,800 பேரின் குடும்பத்தார் 10,345 பேரிடையே நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. திங்கள்தோறும் ஒவ்வொருவர்க்கும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் பெற்ற குடும்பங்களில், புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பருப்பும் அரிசியும் அத்துணை வலிய காவல்!

ஆகவே, பழைய சோற்றின் பெருமையைப் பேசி வறுமையை மறைப்பாருக்கு நாம் துணைபோகலாகாது. வயிறார உண்டவர் விரும்பிக் குடிக்கும் கூழ் வேறு. வேறொன்றும் இல்லாமல் குடிக்கும் கூழ் வேறு. கூழோடு பயறும் கீரையும் கடலையும் முட்டையும் மீனும் கருவாடும் நம் பிள்ளைகளின் வட்டிலில் இருத்தல் வேண்டும். 1956இல் நம் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த பள்ளி மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பிள்ளைகளின் உரிமை. அவற்றைக் கூச்சமின்றி உண்க.

மற்றொன்று. நொதித்தல் இரு வழிகளில் செல்லும். ஒரு வழி பானையின் லாக்டிக் அமிலம். மற்றொரு வழி சாராயம். முன்னது உடலுக்குத் துணை. பின்னது ஈரலைக் கெடுத்து, காசநோய்க்கு வாயிலைத் திறந்துவிடும். நாள் கூலியின் பாதியை மதுக்கடையில் கொட்டிவிட்டு வீட்டில் கூழுக்கும் வழியின்றிச் செய்யும் தந்தையரை மாற்றும் வல்லமை, படித்த பிள்ளைகளுக்கே உண்டு.

செய்ய வேண்டியவை

பானை தூய்மையாக இருக்கட்டும். காய்ச்சி ஆறிய நீரையே ஊற்றுக. சோறு நீரில் முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். நீரின்றித் திறந்து கிடந்த சோற்றில் தீய கிருமிகள் வளர்ந்து வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கும். ஓரிரவு ஊறினால் போதும். நூல் விட்டாலும், நிறம் மாறினாலும், கெட்ட வாடை வந்தாலும் தயங்காமல் கொட்டிவிடுக. உப்பும் ஊறுகாயும் அளவோடு இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீல லிட்மசுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சோறு வடித்த புதிய கஞ்சியில் ஒன்றையும், மறுநாள் நீச்சத்தண்ணியில் ஒன்றையும் நனைத்துப் பாருங்கள். இரண்டாவது தாள் சிவக்கும். ஏன் சிவந்தது என்று ஆசிரியரைக் கேளுங்கள். அக்கேள்வியிலிருந்து உயிர்வேதியியல் தொடங்குகிறது.

நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. எளிய உணவுக்கும் ஏற்றம் வரும் என்பதற்கு அது சான்று. நகரத்துக் கடைகளில் கம்பங்கூழ் விலையுயர்ந்த பொருளாகி வருகிறது. அதனைக் காலங்காலமாகக் காத்த நம் தாய்மாரின் கைப்பக்குவம் எந்த ஏட்டிலும் இல்லை. எந்தத் தானியத்துக்கு எவ்வளவு நீர், எந்தப் பருவத்தில் எத்தனை நாழிகை, எந்தப் பானை என்பவற்றை முதியோரிடம் கேட்டு, இச்சங்கத்தின் இளைஞர்கள் எழுதிவைக்க வேண்டும். பிறர் வந்து எழுதி, நம்மிடமே விற்கும்வரை காத்திருக்கலாகாது.

எழுதினால் மட்டும் போதாது, ஆராயவும் வேண்டும். கரிசல் கூழில் எந்த நுண்ணுயிர் வாழ்கிறது, நம் மக்களின் குருதியில் அது என்ன செய்கிறது என்னும் கேள்விகளை நம்மிடையே தோன்றும் ஓர் ஆய்வாளர் ஏன் எழுப்பக்கூடாது? பத்தாம் வகுப்பு முடித்ததும் ‘நமக்கு அறிவியல் வராது’ என ஒதுங்கிவிடாமல் உயிரியல் பிரிவில் சேருங்கள். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாகியுள்ளது. கல்வி உதவித்தொகை இருக்கிறது. வழிகாட்ட இச்சங்கம் இருக்கிறது. சிரட்டையில் கூழை வாங்கிக் குடித்த பாட்டனின் பேத்தி, அக்கூழை நுண்ணோக்கியின்கீழ் வைத்து உலகுக்கு விளக்கும் நாள் வர வேண்டும். அந்நாளைக் கொண்டுவரும் பொறுப்பை இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளிடம் ஒப்படைக்கிறோம்.